அப்பாவின் பாக்கெட் நோட்டு

(தலைப்பு: நெடும்பயணம் சிறப்பது திட்டமிட்டுப் போகும்போதா? போகிற போக்கில் போகும்போதா? இடம்: செம்மேடு, கொல்லிமலை. ‘திட்டமிட்டுப் போகும்போதே’ என்ற அணியில் பேராசிரியை ஆற்றிய உரை.)



எனக்கு முன்னால பேசின எதிரணி நண்பர் ரொம்ப அழகாப் பேசினார். “பயணம்னா பறவை மாதிரிப் போகணும், பறவை என்ன திட்டம் போட்டா பறக்குது?” அப்படின்னு கேட்டார். நீங்க எல்லாரும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். ஏன் தட்டினேன்? அது என் அணிக்கு அவர் போட்டுக் கொடுத்த பாயிண்ட். (சிரிப்பு) ஐயா, வேடந்தாங்கலுக்கு வர்ற பறவை எப்ப வருது? வருஷா வருஷம் மழை முடியிற காலம் பார்த்து வருது. அதே ஏரி, அதே மரம். வந்து, கூடு கட்டி, குஞ்சு பொரிச்சு, குஞ்சுக்கு இறக்கை முளைச்சதும் வெயிலுக்கு முன்னால கிளம்பிடுது. ‘போகிற போக்கில்’ பறந்த பறவை எங்கேயாவது உண்டுன்னா, அது வேட்டைக்காரன் சட்டியிலதான் உண்டு. (கைதட்டல்)

அடுத்த நண்பர் கொலம்பஸைக் கூட்டிக்கிட்டு வந்தார். பட்டிமன்றத்துல பயணம்னு தலைப்பு வச்சாப் போதும், பாவம் அந்த மனுஷன் கல்லறையில நிம்மதியாப் படுக்க முடியாது. “கொலம்பஸ் வழி தெரிஞ்சா போனான்?”னு கேட்டார். வழி தெரியாதுதான். ஆனா பல வருஷம் அரண்மனை அரண்மனையா ஏறி இறங்கி, கணக்குக் காட்டி, கப்பலுக்குப் பணம் வாங்கித்தான் 1492ல கிளம்பினான். அந்தக் கணக்குதான் தப்பு. பூமியைச் சின்னதாக் கணக்குப் போட்டுட்டான். அவன் நினைச்ச தூரத்துல ஆசியா இல்லை. நடுவுல அமெரிக்கான்னு ஒரு கண்டம் குறுக்கே வரலேன்னா, அத்தனை பேரும் கடல்லயே பட்டினி கிடந்து செத்திருப்பான். அவனுக்கு நடுவுல ஒரு கண்டம் வந்து காப்பாத்திச்சு. திட்டமில்லாமப் போற நமக்கு நடுவுல வர்ற கண்டம், காப்பாத்துற கண்டமா இருக்காது ஐயா! (பலத்த கைதட்டல்)

நான் தமிழ் வாத்தியார். தமிழை விட்டுட்டுப் பேச எனக்கு வராது. உலகத்துல எத்தனையோ மொழியில பயணக் கவிதை இருக்கலாம். ‘இப்படிப் போ, இங்கே தங்கு, இன்னது கிடைக்கும், இன்னதைப் பார்த்துப் போ’ன்னு வழி சொல்றதையே ஓர் இலக்கிய வகையா வச்சிருந்தவன் தமிழன். ஆற்றுப்படை! பத்துப்பாட்டுல பாதி, அஞ்சு பாட்டு, ஆற்றுப்படை. பரிசு வாங்கிட்டுத் திரும்பி வர்றவன், வறுமையோட எதிர்ல வர்றவனுக்குச் சொல்றான். இந்த ஊருக்குச் சொந்தக்காரன், நீங்க சிலை வச்சிருக்கீங்களே வல்வில் ஓரி, அவனும் அந்த வழிப்பேச்சுல வர்றான். சிறுபாணாற்றுப்படை பாராட்டுற ஏழு வள்ளல்கள்ல நம்ம ஓரி ஒருத்தன்.

அதுலயும் மலைபடுகடாம் இருக்கே, அது மலைக்காரங்களுக்கான பாட்டு. செங்கண்மா நன்னனைப் பார்க்கக் கூத்தர் கூட்டம் போகுது. செங்கண்மான்னா இப்ப இருக்கிற செங்கம். பொம்பளைங்க, குழந்தைங்க, முதுகுல வாத்திய மூட்டை. வழி பூரா மலை. புலவர் என்ன செய்றார்? இயற்கை வர்ணனையோட நிறுத்தலை. இந்த ஊர்ல இன்ன சாப்பாடு கிடைக்கும்கிறார். தினைப்புனம் காக்கிறவன் கவண்ல கல் எறிவான், அது பறந்து வரும், மரத்தோரமா ஒதுங்கிப் போங்கிறார். பன்றிக்குப் பயந்து குறுகலான வழியில எல்லாம் கல்லுப் பொறி வச்சிருப்பான், அதனால இருட்டுல நடக்காதே, இருந்து விடிஞ்ச பிறகு போங்கிறார். ‘இருட்டுல போகாதே, தங்கி விடிஞ்ச பிறகு போ’. இந்த ஒரு வரியைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்குங்க. கடைசியில இதுக்கு வர்றேன்.

சிலப்பதிகாரத்துலயும் மதுரைக்குப் போற கோவலனுக்கு மாங்காட்டு மறையோன் மூணு வழி சொல்றான். வலப்பக்கம் போனா சிறுமலை, இடப்பக்கம் போனா அழகர்மலை, நடுவுல போனா ஒரு தெய்வம் வந்து மயக்கும்னு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்றான். இவ்வளவு வழி விசாரிச்ச கோவலன், மதுரைக்குள்ள போனதுக்கு அப்புறம் விசாரிக்காம ஒரு பொற்கொல்லனை நம்பினான். அது வேற பட்டிமன்றம். (சிரிப்பு)

சரி, புலவர்களை விட்டுடறேன். எங்க அப்பாவுக்கு வர்றேன்.

எங்க அப்பா லாரி டிரைவர். நாமக்கல்லுக்குப் பக்கத்துல இருக்கிற நீங்க இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டீங்க. இங்க வீட்டுக்கு ஒருத்தர் ஸ்டியரிங் பிடிச்சவங்கதான். காஸ் டேங்கர் ஓட்டுறவங்க, முட்டை லாரி ஓட்டுறவங்க, திருச்செங்கோட்டு ரிக் வண்டியில ஊர் ஊராப் போய்க் கிணறு தோண்டுறவங்க, எல்லாரும் இந்த மலையைச் சுத்தித்தான் இருக்காங்க. அப்பா எழுபதுகள்ல, எண்பதுகள்ல சேலத்து ஜவ்வரிசி ஏத்திக்கிட்டு டில்லிக்குப் போவார். ஏறக்குறைய 2,500 கிலோமீட்டர். திரும்பி வர்றப்ப எந்த லோடு கிடைக்குதோ அது. வீட்டை விட்டுப் போனா பதினெட்டு நாளோ இருபது நாளோ. போன் கிடையாது. எங்கேயாவது டிரங்க் கால் போட்டு, முதலாளி ஆபீஸ்ல சொல்லி, அங்கிருந்து ஓர் ஆள் சைக்கிள்ல வந்து “அப்பா நாக்பூர் தாண்டிட்டாராம்”னு சொல்லணும். எங்க அம்மா அந்த ஒரு வாக்கியத்துக்காக வாசல்லயே இருப்பாங்க.

எதிரணியில ஒருத்தர் சொன்னார், “எல்லை தாண்டற பயணம்னா பாஸ்போர்ட்டோட போறதுதான்”னு. ஐயா, அந்தக் காலத்து லாரிக்காரனுக்கு ஒவ்வொரு மாநில எல்லையும் ஒரு வெளிநாடு. ஓசூர் தாண்டினா கர்நாடகா. அப்புறம் அன்றைய ஆந்திரா. அப்புறம் மகாராஷ்டிரா, மத்தியப்பிரதேசம், உத்தரப்பிரதேசம். குவாலியருக்கும் ஆக்ராவுக்கும் நடுவுல தோல்பூர்னு ஒரு ஊர் வரும். அது ராஜஸ்தான். அரை மணி நேரத்துக்கு ஒரு மாநிலம்! அதுக்கும் ஒரு பேப்பர், அதுக்கும் ஒரு செக்போஸ்ட். 2017 ஜூலையில ஜி.எஸ்.டி. வந்த பிறகு வரிக்கான செக்போஸ்ட்டுகளை எடுத்துட்டாங்க. இப்ப இ-வே பில்லு, ஃபாஸ்டேக்குன்னு எல்லாம் போன்லயும் கண்ணாடியில ஒட்டின ஸ்டிக்கர்லயும் முடிஞ்சிருது. அன்னைக்கு ஒரு காகிதம் குறைஞ்சா வண்டி ரெண்டு நாள் நிக்கும். ஜவ்வரிசி வேணா கெடாது, மனுஷன் கெட்டுப் போவான்.

அப்பா அஞ்சாங்கிளாஸ். ஆனா சட்டைப் பையில சிவப்பு அட்டை போட்ட பாக்கெட் நோட்டு ஒண்ணு எப்பவும் இருக்கும். அதுல என்ன இருக்குன்னு சின்ன வயசுல எடுத்துப் பார்த்திருக்கேன். ஊருக்கு ஊர் கிலோமீட்டர். எந்த பங்க்கில தண்ணி நல்ல தண்ணி. எந்த ஊர்ல தமிழ் தெரிஞ்ச மெக்கானிக். எந்தப் பாலம் மழைக்கு முழுகும். சம்பல் பள்ளத்தாக்குக்கு நேரா ‘பகல்ல மட்டும்’னு எழுதி ரெண்டு கோடு போட்டிருப்பார், அன்னைக்கு அங்க கொள்ளைக்காரன் பயம். முதல் பக்கத்துல மட்டும் ஊர் பேர் இருக்காது. அவர் எழுதினது எனக்கு அப்படியே மனப்பாடம்: ‘ராத்திரி 2 முதல் 5 வரை வண்டி நிக்கும். லேட் ஆனா முதலாளி திட்டுவார். திட்டட்டும்.’ (கைதட்டல்)

நீங்க கை தட்டறீங்க. அந்த வரி எப்படி வந்துச்சுன்னு சொல்றேன். அப்பாகிட்ட கிளீனரா இருந்து, அப்பா கையாலயே ஸ்டியரிங் பிடிக்கக் கத்துக்கிட்டு, தனி வண்டி எடுத்த பையன் ஒருத்தன். எங்களுக்கு அண்ணன் மாதிரி. ஒரு நாள் விடியக்காலம் மூணரை மணி. தூக்கம். நின்னுக்கிட்டிருந்த வண்டியில போய் மோதிட்டான். பின்னால வந்த அப்பாதான் முதல்ல இறங்கி ஓடியிருக்கார். இதை அவர் எங்ககிட்ட ஒரே ஒரு தடவைதான் சொன்னார். சொல்லிட்டு, “அவனுக்கு ஓட்டக் கத்துக் கொடுத்தேன் கண்ணு, நிறுத்தக் கத்துக் கொடுக்கலை”ன்னார். அதுக்கப்புறம் வந்ததுதான் அந்த முதல் பக்கம்.

நாப்பது வருஷம் ஓட்டினார் எங்க அப்பா. 2016ல, எண்பத்தோரு வயசுல, சொந்த வீட்டுல, கட்டில்ல, எங்க அம்மா பக்கத்துல இருக்கப் போனார். ஒரு லாரி டிரைவர் கட்டில்ல சாகிறதுன்னா என்னன்னு இந்த ஊர்க்காரங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

(சிறிது இடைவெளி)

மணி அடிச்சிடாதீங்க நடுவர் அவர்களே, இன்னும் ஐரோப்பாவுக்கே போகலை. (சிரிப்பு)

என் தம்பி டென்மார்க்குல, கோபன்ஹேகன்ல இன்ஜினியர். 2019 ஜூன் மாசம், “அக்கா, மாமாவையும் கூட்டிக்கிட்டு வா, என் கார்லயே ஸ்வீடன், பின்லாந்து, நார்வே, வடக்கே ரோடு முடியிற இடம் வரைக்கும் போலாம்”னான். நார்த் கேப், நார்வீஜியர்கள் நூர்காப்னு சொல்ற வடமுனை. கோபன்ஹேகன்ல இருந்து எங்க வழியில அதுவும் சுமார் 2,500 கிலோமீட்டர். அப்பாவோட டில்லி தூரம்! அந்தக் கணக்கைப் பார்த்ததும் ரெண்டு பேருமே போன்ல பேசாம இருந்துட்டோம். அப்புறம் தம்பி கேட்டான், “அக்கா, அந்த நோட்டு உங்கிட்டத்தானே இருக்கு?”

எங்க வீட்டுக்காரர் எதிரணி. இந்த மேடைக்கு வரலேன்னாலும் எதிரணிதான். “ப்ளான் என்ன ப்ளான்? போவோம், பிடிச்ச இடத்துல நிப்போம்”னார். விசா விண்ணப்பம் வந்துச்சு. எத்தனை நாள், எந்த நாட்டுல அதிக நாள், எங்க தங்கறீங்க, ஓட்டல் சீட்டு எங்க, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு எங்கன்னு வரிசையாக் கேக்குது. எந்த நாட்டுல அதிக நாள் தங்கறோமோ அந்த நாட்டு விசாவுக்குத்தான் போடணும். நாள் கணக்குத் தெரியலேன்னா எந்தத் தூதரகம்னே தெரியாது! வீட்டுக்காரர் ரொம்ப யோசிச்சு, “அங்க போய்ச் சொல்றோம்னு எழுதிரலாமா?”ன்னார். (பலத்த சிரிப்பு)

மூணு மாசம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன்ல திட்டம் போட்டோம். எதிரணிக்காரங்க நினைக்கிறாங்க, திட்டம் போடறது சுவாரசியமில்லாத வேலைன்னு. ஐயா, பாதிப் பயணம் அதுலதான்! நாலு நாடு, நாலு பணம். டென்மார்க்குக்கு ஒரு குரோன், ஸ்வீடனுக்கு ஒரு குரோனா, நார்வேக்கு இன்னொரு குரோன், பின்லாந்து மட்டும் யூரோ. பேரு ஒண்ணு மாதிரி, மதிப்பு வேற வேற. பகல்லயும் ஹெட்லைட் எரியணும். குடிச்சிட்டு ஓட்டறதுல நம்ம நாட்டு வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம். நார்வேயிலயும் ஸ்வீடன்லயும் 20தான். நார்வே ஐரோப்பிய யூனியன்ல இல்லை. விசா ஒண்ணுதான், ஆனா சுங்கம் வேற. என் தம்பி மனைவி மசால் பண்ண ஒரு மூட்டை உருளைக்கிழங்கு கட்டி வச்சிருந்தா. பட்டியலைச் சரிபார்க்கிறப்பதான் தெரியுது, பயணிகள் நார்வேக்குள்ள உருளைக்கிழங்கு கொண்டு போகக்கூடாது! செடிநோய் பரவும்கிற பயம். அவ்வளவு கிழங்கையும் பின்லாந்துலயே வறுத்துத் தின்னு தீர்த்தோம். எல்லை தாண்டறப்ப எங்க வயித்துல இருந்ததை எந்த அதிகாரியும் கேக்கலை. (சிரிப்பு)

கோபன்ஹேகன்ல இருந்து ஸ்வீடனுக்குக் கடல் மேலயே போற வழி இருக்கு. 2000 ஜூலையில திறந்த ஓரேசுண்ட் பாலம். முதல்ல நாலு கிலோமீட்டர் கடலுக்கு அடியில சுரங்கம், நடுக்கடல்ல மனுஷன் கட்டின ஒரு தீவு, அங்கிருந்து எட்டு கிலோமீட்டருக்குக் கிட்ட பாலம். அந்தப் பாலத்து மேல போறப்ப தம்பி ஒரு சேதி சொன்னான். 1967 வரைக்கும் ஸ்வீடன்ல நம்மைப் போல இடதுபக்கம்தான் வண்டி ஓட்டினாங்களாம். சுத்தியிருந்த நாடெல்லாம் வலதுபக்கம். எல்லை தாண்டினா பக்கம் மாறணும். 1963ல பாராளுமன்றத்துல முடிவு பண்ணி, நாலு வருஷம் திட்டம் போட்டு, 1967 செப்டம்பர் 3, ஞாயித்துக்கிழமை விடியக்காலம் அஞ்சு மணிக்கு ஒரு நாடே வலதுபக்கம் மாறிச்சு. அஞ்சுக்குப் பத்து நிமிஷம் இருக்கிறப்ப எல்லா வண்டியும் நின்னு, மெதுவா அந்தப் பக்கம் போய், மறுபடி நின்னு, அஞ்சடிச்சதும் கிளம்பிச்சு. எதிரணி நண்பர்கள் கையில அந்த நாடு இருந்திருந்தா, “இன்னைக்கு லாரி மாறட்டும், நாளைக்குக் கார் மாறட்டும், போற போக்குல பார்த்துக்கலாம்”னு விட்டிருப்பாங்க! (கைதட்டல்)

இங்க எதிரணிச் சகோதரி ஒரு கேள்வி கேட்டாங்க. அதைச் சிரிச்சிட்டு ஒதுக்க எனக்கு மனசு வரலை. “எண்பதுகள்ல யாழ்ப்பாணத்துல இருந்து நார்வே வரைக்கும் போய்ச் சேர்ந்தாங்களே தமிழ்ப் பிள்ளைங்க, அவங்க என்ன திட்டம் போட்டாங்க? துணிவுதானே?”ன்னாங்க. அம்மா, அது பயணம் இல்லை. உயிருக்கு ஓடினது. வீடு எரியறப்ப எந்த வாசல் வழியா ஓடறதுன்னு திட்டம் போட்டவன் உண்டா? அந்த ஓட்டத்தை நம்ம உல்லாசப் பயணத்துக்கு உதாரணமாச் சொல்லக்கூடாது. அங்க வடகோடியில, பின்மார்க்குன்னு சொல்ற பகுதியில, வருஷத்துல ரெண்டு மாசம் சூரியனே தலைகாட்டாத கடற்கரையில, மீன் பதப்படுத்துற ஆலைகள்ல நம்ம ஆளுங்க வேலை செஞ்சு பிழைச்சாங்க. அவங்களைக் கேட்டுப் பாருங்க, திட்டமிட்டுக் கிளம்ப ஒரு வாய்ப்பு இருந்திருந்தா என்ன கொடுத்திருப்பீங்கன்னு. அவங்களுக்கெல்லாம் முன்னாடி, 1956லயே குருநகர்ல இருந்து நார்வேக்குப் போனவர் அந்தோனி இராஜேந்திரம். அவர் அந்த நாட்டு மீன்பிடித் தொழிலைப் பார்த்துட்டு, நம்ம ஊர் மீனவனுக்கும் இது வேணும்னு பின்னால ‘சீ-நோர்’ நிறுவனத்தைக் கொண்டுவந்தவர். துணிவு இருந்துச்சு, கூடவே திட்டமும் இருந்துச்சு.

கோயம்புத்தூர்ப் பெண்கள் 2017ல கார்லயே லண்டன் போனாங்க, படிச்சிருப்பீங்க. 70 நாள், 24 நாடு, 24,000 கிலோமீட்டர். எதிரணிக்காரங்க இதைத் துணிவுக்கு உதாரணமாச் சொன்னா நான் ஒத்துக்கறேன். ஆனா சீனாவுக்குள்ள உங்க காரை ஓட்டணும்னா அந்த நாட்டுத் தற்காலிக லைசென்ஸ் வேணும், வண்டிக்குத் தற்காலிக நம்பர் வேணும், கூடவே ஒரு வழிகாட்டி வேணும். போகிற போக்குல போய்ச் சீன எல்லையில கதவைத் தட்டிப் பாருங்க! அதோட, மியான்மர்ல 2021ல ராணுவம் ஆட்சியைப் பிடிச்ச பிறகு அந்தப் பக்கம் சண்டை. அன்னைக்குப் போட்ட திட்டத்தை வச்சுக்கிட்டு இன்னைக்கு யாரும் கிளம்ப முடியாது. அதனாலதான் அப்பா அந்த நோட்டுல ஒவ்வொரு தடவை போயிட்டு வந்ததும் அடிச்சு அடிச்சு எழுதுவார்.

இப்ப அந்த ராத்திரிக்கு வர்றேன். ராத்திரின்னு சொல்றேன், ஆனா ராத்திரியே இல்லை. அதுதான் விஷயம்.

ஜூன்ல அங்க சூரியன் மறையாது. நடுராத்திரியிலயும் பல்லைக் காட்டிக்கிட்டு வானத்துல நிக்குது. அன்னைக்குக் காலையில பின்லாந்துல ரோவனியெமியில இருந்து கிளம்பினோம். ஊர் தாண்டின உடனே ஆர்க்டிக் வட்டம். நாள் பூரா காடு, ஏரி, காடு, ஏரி. காரிகாஸ்நியெமின்னு ஒரு சின்ன ஊர், ஓர் ஆத்துப் பாலம், அதைத் தாண்டினா நார்வே. கொஞ்ச தூரத்துல காராஷோக். அங்க தங்கறதா திட்டம். 400 கிலோமீட்டருக்கு மேல ஓட்டியாச்சு. போய்ச் சேர்ந்தா மணி ஏழு. வெயில் நம்ம ஊர் நாலு மணி வெயில் மாதிரி அடிக்குது.

வீட்டுக்காரர் சொன்னார், “ஏழு மணிதானே? இன்னும் 250 கிலோமீட்டர்தான். விட்டா இன்னைக்கு நடுராத்திரிச் சூரியனை வடமுனையிலயே பார்த்துடலாம்.” தம்பி மகன் குதிக்கிறான். தம்பியும், “அக்கா, எனக்குத் தூக்கமே வரலை, நான் ஓட்டறேன்”கிறான். எனக்கும் ஆசைதான். பொய் சொல்ல மாட்டேன். கையைப் பையில விட்டேன், அந்தச் சிவப்பு நோட்டு தட்டுப்பட்டுச்சு. ‘ராத்திரி 2 முதல் 5 வரை’. இங்க ராத்திரியே இல்லையேப்பா, நான் என்ன செய்றதுன்னு நினைச்சேன். அப்பத்தான் உறைச்சுது. பின்லாந்து நேரத்துக்கும் நார்வே நேரத்துக்கும் ஒரு மணி வித்தியாசம். பாலத்தைத் தாண்டினதும் போன் தானாவே ஒரு மணி நேரத்தைப் பின்னால தள்ளிடுச்சு. ஏழுன்னு காட்டுது, உடம்புக்கு எட்டு! சூரியனும் பொய் சொல்லுது, கடிகாரமும் பொய் சொல்லுது. உடம்பு மட்டும்தான் நிஜம் சொல்லும், அதை இந்த வெளிச்சம் பேச விடமாட்டேங்குது.

“வண்டி இங்கதான் நிக்கும்”னேன். வீட்டுக்காரருக்குக் கோபம். “வெளிநாட்டுக்கு வந்தும் உங்கப்பா லாரியை விட்டு இறங்க மாட்டியா?”ன்னார். நான் ஒண்ணும் பேசலை. தம்பிதான் என் முகத்தைப் பார்த்தான். பேசாம சாவியை எடுத்து என் கையில கொடுத்தான். தங்கற மரவீட்டு வாசப்படியில உட்கார்ந்து ஷூவைக் கழட்டினான். ஒரு ஷூவைத்தான் கழட்டினான் நடுவர் அவர்களே. இன்னொரு ஷூ கால்லயே இருக்கு, சுவத்துல சாய்ஞ்சு தூங்கிட்டான். அஞ்சு நிமிஷம் ஆகலை. தூக்கமே வரலைன்னு சொன்ன பையன்! வீட்டுக்காரர் அவனைப் பார்த்தார், காரைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். அன்னைக்கு ராத்திரி சமையலை அவரே பண்ணிட்டார். (கைதட்டல்)

மறுநாள் கடலோர ரோட்டுல, ஒரு வளைவு திரும்பின உடனே, ரெயின்டீர்னு சொல்ற துருவ மான் பதினஞ்சு இருபது நடு ரோட்டுல நிக்குது. ஹாரன் அடிச்சாலும் நகரலை. தம்பி அரை நொடியில பிரேக் போட்டான். நாங்க ஒருத்தரும் ஒண்ணும் பேசிக்கலை.

எதிரணிக்கு ஒரு பாயிண்ட் நானே தர்றேன். வடமுனைக்குப் போனோமா? கடலுக்கு அடியில 200 மீட்டருக்கும் கீழே இறங்கி ஏறுற சுரங்கம், ஏழு கிலோமீட்டருக்குக் கிட்ட, அதெல்லாம் தாண்டிப் போனோமா? போய் நின்னா, மூடுபனி! சூரியனும் இல்லை, கடலும் இல்லை, எங்க வீட்டுக்காரர் ரெண்டடியில நிக்கிறார், அவர் சிரிக்கிறது மட்டும் கேக்குது. “உன் திட்டம் எங்கம்மா?”ங்கிறார். ஆனா அந்தத் திட்டத்துல ஒரு நாள் ஒண்ணும் எழுதாம விட்டிருந்தேன். அதுவும் அப்பாகிட்ட கத்துக்கிட்டதுதான். டில்லிக்கு ஒன்பது நாள்னா பத்துன்னு சொல்லிட்டுத்தான் கிளம்புவார், ஒரு நாள் வண்டிக்காரன் கையில இருக்கணும்பார். மறுநாள் ராத்திரி திரும்பப் போனோம். பன்னண்டு மணிக்கு மேகம் ஒதுங்கி ஒரு பத்து நிமிஷம், கடலுக்கு மேல ஒரு சாண் உயரத்துல செக்கச்செவேல்னு நின்னுச்சு. திட்டத்துல வெற்று நாள் வைக்கிறவனுக்குத்தான் எதிரணி சொல்ற ‘போகிற போக்கு’ கிடைக்கும். திட்டமே இல்லாதவனுக்கு, அன்னைக்கே ஊர் திரும்பணும்கிற அவசரம்தான் கிடைக்கும்.

மணி அடிச்சுட்டீங்க. முடிச்சுடறேன். இந்தச் செம்மேட்டுக்குக் காரவள்ளியில இருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு. வர்றப்ப எண்ணிக்கிட்டே வந்தேன். மேல ஏறுற வண்டிக்கு வழி விடணும், ஏறின கியர்லயே இறங்கணும், இதெல்லாம் இங்க பஸ் ஓட்டற தம்பிங்க சொல்லிக் கொடுத்த பாடம். நிகழ்ச்சி முடிய ராத்திரி மணி பதினொண்ணு ஆகும். எங்க அணி இங்கயே தங்கி, காலையில ஆறு மணிக்கு மேல வெளிச்சம் பார்த்து இறங்கறதா ஏற்பாடு. நன்னனைப் பார்க்கப் போன கூத்தர்களுக்குப் புலவர் சொன்ன அதே ஏற்பாடு. எதிரணி நண்பர்கள் இன்னைக்கு ராத்திரியே போகிற போக்கில் இறங்கப் போறதாகக் கேள்விப்பட்டேன். தாராளமா இறங்கட்டும். ஆனா வந்தது எல்லாரும் ஒரே வேன். டிரைவர் தம்பி சாப்பிட்டுட்டுத் தூங்கப் போயிட்டார். வேன் சாவி (கைப்பையைக் காட்டி) இங்க இருக்கு.

(பலத்த சிரிப்பு, நெடுநேரம் கைதட்டல்)